லேசான ஏற்றம், நாற்பது நிமிடம்

முகாம் அலுவலகம்,
திங்கட்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

இப்படி எழுதலாமா என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். இங்கே எல்லாக் கடிதங்களையும் 'மதிப்பிற்குரிய விருந்தினருக்கு' என்றுதான் ஆரம்பிப்போம். உனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. நீ என் மகனின் மனைவி. கல்யாணம் ஆகி ஏழு வருஷமாகியும் நான் உன் முகத்தைப் பார்த்ததில்லை, அது உன் குற்றம் இல்லை. அதனால் மருமகள் என்றே எழுதிவிட்டேன். பிடிக்கவில்லையென்றால் சொல், மாற்றிக்கொள்கிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை தபாலில் வந்தது. அடுத்த மாதம் நான்கு நாள் இங்கே கூடாரத்தில் தங்கப் போகிறோம், பக்கத்தில் என்னென்ன பார்க்கலாம், காலையில் கிளம்பிச் சாயங்காலத்துக்குள் திரும்புகிற மாதிரி ஒரு திட்டம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தாய். வாரத்துக்கு இருபது பேர் இதையே கேட்டு எழுதுகிறார்கள். இடங்களும் நேரமும் அச்சடித்த ஒரு மஞ்சள் தாளை உறையில் போட்டு அனுப்பிவிடுவேன், வேலை முடிந்தது. உன் கடிதத்தையும் அப்படித்தான் எடுத்தேன். கடைசி இரண்டு வரியில்தான் மாட்டிக்கொண்டேன். 'நீங்கள் அங்கே வேலை செய்வது தெரிந்துதான் எழுதுகிறேன், மாமா. அவருக்கு இது தெரியாது.' அந்த 'மாமா'வை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுத இங்கே 'நாங்கள்' யாரும் இல்லை. நான் ஒருவன்தான். வலது முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. வழிகாட்டி வேலையை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. இப்போது கவுண்டரில் உட்கார்ந்து போர்வை, அடுப்பு, குளியலறைச் சாவி கொடுத்து வாங்குகிறேன். சமையல்காரரிலிருந்து பஸ் ஓட்டுநர் வரைக்கும் என்னைப் 'பத்து நிமிஷம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வழிகாட்டியாக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

உனக்கு மஞ்சள் தாள் அனுப்பவில்லை. கையாலேயே எழுதுகிறேன்.

முதல் நாள் ஏரிக்குப் போங்கள். முகாமிலிருந்து நடக்கிற தூரம்தான், பலகை போட்ட பாதை, குழந்தைக்குக் கால் வலிக்காது. பத்து மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு காற்று எழும்பிவிடும், படகை நிறுத்திவிடுவார்கள். வாத்துகளுக்கு ரொட்டி போடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். என் பேத்தி கட்டாயம் போடுவாள். ஏரிக் காவலர் எனக்குத் தெரிந்தவர், அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்ளச் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாம் நாள் குகை. கேட்டுக்கு எதிரே ஒன்பதரைக்குப் பஸ் வரும். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். கூரை தாழ்வாக இருக்கும் இடங்களில் அவனைக் குனியச் சொல். எங்கே நிலைப்படி இருந்தாலும் தேடிப்போய்த் தலையை இடித்துக்கொள்வது சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒரு பழக்கம். இப்போது மாறியிருக்கலாம்.

மூன்றாம் நாள் பழைய மர ஆலை. ஆலை ஓடுவதில்லை. ஆனால் மரம் ஏற்றிப் போன குட்டி ரயிலைச் சரிசெய்து, காட்டுக்குள் ஒரு சுற்று கூட்டிப் போகிறார்கள். இடது பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். நான்காம் நாள் எங்கேயும் போக வேண்டாம். கூடாரத்தைப் பிரித்து மடிப்பதற்கே பாதி நாள் போய்விடும்.

மலைமுனைப் படிகளை நான் எழுதவில்லை. புத்தகங்களில் அதைத்தான் முதலில் போட்டிருப்பார்கள். மேகம் மூடிவிட்டால் அங்கே ஒன்றும் தெரியாது. ஐந்து வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அது எதற்கு.

இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். பாப்பாவின் ஷூ அளவு என்ன என்று எழுது. ஏரிக்கரை ஈரமாக இருக்கும், இங்கே சின்ன ரப்பர் பூட்ஸ் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா


முகாம் அலுவலகம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் பதில் வந்தது. கூடவே பேத்தி வரைந்த ஏரியும் வந்தது. படகைவிட வாத்து பெரிதாக இருக்கிறது. அது சரிதான், இங்குள்ள வாத்துகள் தின்று தின்று அந்த அளவுக்குத்தான் இருக்கின்றன. படத்தைக் கவுண்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். அறிவிப்புகளைத் தவிர வேறு எதையும் சுவரில் ஒட்டவிடாத மேலாளரம்மா வந்து பார்த்தார். கழன்றிருந்த ஒரு மூலையை அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.

திட்டத்தை அவனிடம் காட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். பார்த்த உடனே யார் கையெழுத்து என்று தெரிந்துகொண்டானாம். கோபப்படவில்லையாம். ரொம்ப நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "மத்த இடமெல்லாம் நீயும் பாப்பாவும் பாருங்க. எனக்கு அந்தப் படியில ஏறணும், அவ்வளவுதான்" என்றானாம். அங்கே என்னதான் நடந்தது, அவர் ஒரு நாளும் முழுசாகச் சொன்னதில்லை, நீங்களாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். உன் மாமியாரைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டியதுதான். சொல்கிறேன்.

முதலில் என் பட்டப்பெயர். மலை ஏறுகிறவர்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். ஒரு மணி நேரம் என்று உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். கீழே போய், காசைக் கொட்டி வந்தோம், ஒன்றும் பார்க்கவில்லை என்று முகாமுக்குக் கெட்ட பெயர் வைப்பார்கள். அதனால் வழிகாட்டிகள் எல்லோருமே 'இதோ, பத்து நிமிஷம்' என்போம். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால் இன்னொரு பத்து நிமிஷம். உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு யாருக்கும் கோபம் இருக்காது, சிரித்துக்கொண்டே திட்டுவார்கள். இதில் நான் பெரிய கெட்டிக்காரன். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சொல்வேன்.

என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மஞ்சள் தாளை எழுதும் வேலையை அப்போதைய மேலாளர் என்னிடம் கொடுத்தார். எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று போட வேண்டும். மலைமுனைப் படிகளுக்கு நேரே 'லேசான ஏற்றம், நாற்பது நிமிடம்' என்று போட்டேன். கடிகாரத்தைப் பார்த்துப் போடவில்லை. வாய்க்குப் பழகியதைக் கை எழுதிவிட்டது. நான் எழுதி அச்சில் வந்தது அது ஒன்றுதான். பெருமை தாங்காமல் ஒரு தாளை வீட்டுக்கு அனுப்பினேன். உன் மாமியார் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

அதுவரை அவள் இந்த மலைக்கு வந்ததே இல்லை. நான் இங்கே, அவள் ஊரில், மாதம் ஒரு முறை நான் போவேன். உன் வீட்டுக்காரன் அப்போதுதான் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். முதல் லீவில் வீட்டுக்கு வந்தவன் சுவரில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு, அப்பா வேலை செய்கிற இடத்தை அம்மா ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். பஸ் டிக்கெட் எடுத்தான். கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தான். இந்த வயதில் எனக்கு எதற்கு ஷூ என்று சொல்லிக்கொண்டே அவள் அதை வீட்டுக்குள் போட்டு நடந்து பழகினாளாம். இங்கே வந்த முதல் நாள் ஏரி. இரண்டாம் நாள் குகை. மூன்றாம் நாள் படிகள். லீவு முடிந்து அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான், ஆனாலும் அந்தத் திட்டத்தைப் போனில் அவன்தான் போட்டுக் கொடுத்தான்.

பாதி வழியில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அங்கே உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்" என்றாள். நான், "இதோ, பத்து நிமிஷம்தான். உன் பையன் கேட்டா என்ன சொல்லுவே?" என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் சொல்றதை எனக்கும் சொல்றீங்களா?" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். பொய் என்று தெரிந்தேதான் எழுந்தாள், மருமகளே. எனக்காக எழுந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு படியில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்தாள். களைப்பு என்று நினைத்தேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், அவள் வாங்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். கீழேயிருந்து ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் வந்து சேரும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவனுக்கு போனில் நான்தான் சொன்னேன். உச்சிக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது, பார்த்திருக்கலாம், விதி என்றேன். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று அதைச் சொன்னேன். காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன்.

எல்லாம் முடிந்த அன்று அவன் சமையலறைக்குப் போய்ச் சுவரிலிருந்த மஞ்சள் தாளைக் கிழியாமல் எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குக் கேள்வியாக இருந்தது. அம்மாவைக் கொன்றவன் நீ என்று அவன் சொல்வதாகவே எடுத்துக்கொண்டேன். மறுநாள் இங்கே வந்து வழிகாட்டி வேலையை விட்டேன். உங்கள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தபோது உள்ளே ஒரு வரிகூடக் கையால் எழுதியிருக்கவில்லை. கடமைக்கு அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து வரவில்லை. மாமனாருக்கு வீம்பு என்று நீ நினைத்திருப்பாய். பயம், வேறொன்றும் இல்லை.

இப்போது உன் கடிதத்தின் இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தாள் இன்னும் அவன் அலமாரியில் இருக்கிறது, நாற்பது நிமிடம் என்ற இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்டதற்கு, "நாற்பது நிமிஷம்தானேன்னு நான்தான் அம்மாவை அனுப்புனேன். அவங்க முதல்லயே முடியலைன்னுதான் சொன்னாங்க" என்றானாம். சில நாள் விடியும்வரை தூங்குவதே இல்லையாம்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் கவுண்டரில் போர்வை கேட்டு நின்றார். நான் அவர் கையில் அடுப்பைக் கொடுத்தேனாம். பிறகு சமையல்காரர் சொல்லித்தான் தெரியும்.

எட்டு வருஷமாக அவன் என்மீது கோபமாக இருக்கிறான் என்று நினைத்து இங்கே ஒளிந்துகொண்டிருந்தேன். அவன் தன்மேலேயே கோபமாக இருந்திருக்கிறான். ஒன்று மட்டும் செய்யலாம் என்றிருக்கிறேன். அன்றைக்குப் பிறகு அந்தப் படிகளில் நான் கால் வைத்ததில்லை. வியாழக்கிழமை ஏறப் போகிறேன், கடிகாரத்தோடு. உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து அவனுக்கே எழுதுகிறேன். அந்தக் கடிதம் உன் பெயருக்கு வரும், அவன் கையில் கொடு. அதுவரை அவனிடம் எதுவும் பேச வேண்டாம்.

பாப்பாவுக்கு பூட்ஸ் எடுத்து வைத்துவிட்டேன். சிவப்பு நிறம்.

உன் மாமா


முகாம் அலுவலகம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகனுக்கு,

உனக்குக் கடிதம் எழுதி எட்டு வருஷம் ஆகிறது. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் என்னால் தொடர முடியாது.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு முதல் படியில் நின்றேன். மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு படிகள். இத்தனை வருஷம் அந்த மலையில் வேலை பார்த்தும் எண்ணியது இதுதான் முதல் தடவை. பெஞ்சு வரைக்கும் எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அங்கிருந்து அம்மா உட்கார்ந்த படிக்கு இருபது நிமிடம். அங்கே பக்கத்தில் இரும்புக் கைப்பிடி வெளிப்பக்கமாக வளைந்திருக்கும், அதனால் அடையாளம் தெரிந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படியிலிருந்து உச்சிக்கு ஐம்பத்தைந்து நிமிடம்.

என் கால் கிழட்டுக் கால், இதை வைத்துக் கணக்குப் போட முடியாது என்று நினைத்தேன். எனக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்காதா என்ற ஆசையும் இருந்தது. அதனால் மறுநாள் இப்போது வழிகாட்டியாக இருக்கிற பெண்ணிடம் கடிகாரத்தைக் கொடுத்து ஏறச் சொன்னேன். அவள் இந்த மலையில் ஆடு மாதிரி ஏறுகிறவள். முழு ஏற்றமும் அவளுக்கு ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்தப் படியிலிருந்து உச்சிக்கு முப்பத்தைந்து நிமிடம்.

உச்சிக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது என்று உன்னிடம் போனில் சொன்னேனே, அது பொய். அம்மா கொஞ்சம் தாங்கியிருந்தால் பார்த்திருப்பாள் என்பதும் பொய். அவள் இருந்த நிலையில் உச்சி அவளுக்கு எந்தக் காலத்திலும் எட்டியிருக்காது. பெஞ்சிலேயே அவள் முடியாது என்றாள். எழுப்பி நடக்க வைத்தவன் நான். நீ எங்கேயோ இருந்தாய். நான் பக்கத்தில் நின்றேன், அவள் மூச்சு வாங்குவது என் காதில் விழுந்தது.

இதை எழுத வேண்டாம் என்று சமையல்காரர் சொன்னார். "பையன் வரேன்னு கிளம்பிட்டான். இதைப் படிச்சா வராமப் போயிடுவான். உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நீ வராமல் போனால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ரொம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அதை நான் தாங்கிக்கொள்வேன். செய்யாத தப்புக்கு நீ தூங்காமல் கிடப்பதைத் தாங்க முடியவில்லை.

நீ என்ன செய்தாய்? ஒரு தாளைப் படித்தாய். அச்சடித்திருந்தது, அப்பா எழுதியது, அதனால் நம்பினாய். அப்பா எழுதியதை மகன் நம்புவது தப்பா? அம்மா சந்தோஷமாக இருக்கட்டும் என்று டிக்கெட் எடுத்தாய், ஷூ வாங்கினாய். அந்த ஷூவை அவள் பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். ஏரியைப் பார்த்தாள், படகில் ஏறினாள், குகையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த இரண்டு நாளை அவளுக்குக் கொடுத்தது நீ. மூன்றாவது நாள் என்னுடையது. அதை இத்தனை வருஷம் நீ வைத்துக்கொண்டிருந்தாய், நான் வாங்கிக்கொள்ளாமல் இருந்துவிட்டேன். இனிமேல் அது என்னோடு இருக்கட்டும்.

மேலாளரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் தாளை மாற்ற ஒத்துக்கொண்டார். 'செங்குத்தான 2612 படிகள், ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் ஏற வேண்டாம்' என்று வரும். எட்டு வருஷமாக நானே பழைய தாளை உறையில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். அனுப்பினேன். அதைப் படித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு இருந்ததில்லை. வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை.

நீ படியில் ஏற வேண்டும் என்றால் ஏறு, நான் தடுக்கவில்லை. குகையை இரண்டாம் நாளிலிருந்து எடுத்துவிட்டு, அன்றைக்கு இதை வைத்துக்கொள். காலை ஏழு மணிக்குள் ஆரம்பி, வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடலாம். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். மருமகளும் பாப்பாவும் பெஞ்சு வரைக்கும் வரலாம், அங்கே நிழல் இருக்கிறது. பாப்பா அதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டால் கட்டாயப்படுத்தாதே. வளைந்த கைப்பிடி இருக்கும் இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு. அன்று வானம் தெளிவாக இருந்தது. அம்மா முகத்தில் வலி இல்லை. இது நான் பார்த்தது, ஆறுதலுக்குச் சொல்லவில்லை.

என்னைப் பற்றி ஒரு விஷயம். நீங்கள் வருகிற நான்கு நாளும் லீவு கேட்டிருக்கிறேன். என்னைப் பார்க்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் கீழே டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொள்வேன், கூடாரச் சாவியும் பூட்ஸும் சமையல்காரரிடம் இருக்கும். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத மாட்டேன், ஆனால் நியாயம் என்று எனக்குத் தெரியும். நீ எதுவும் எழுத வேண்டாம். மருமகளிடம் சொன்னால் போதும், அவள் ஒரு வரி போடுவாள்.

நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ராத்திரியில் தூங்கப் பார். இரு என்று நீ சொல்லிவிட்டால், பஸ் வருகிற நேரத்துக்கு நான் கேட்டில் நிற்பேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆளும் கொஞ்சம் கூனிவிட்டேன். இறங்கியதும் தெரியாமல் தாண்டிப் போய்விடாதே, கண்ணா.

அப்பா